வீடு நிறையச் சாமான், கையில் காசு எங்கே?

கேள்வி: எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். எனக்கு வயது 34. கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார், சம்பளம் 19,000. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமை ராத்திரி வருவார். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. டாக்டர், மாத்திரை என்று மாதம் 1,700 ஆகிறது. நகை 60,000 ரூபாய்க்கு, இரண்டு ரசீதாக, அடகுக் கடையில் இருக்கிறது. இரண்டு ரூபாய் வட்டி.

என் தங்கை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் அபார்ட்மென்ட்களில் வீட்டு வேலை செய்கிறாள். அங்கே வீடு காலி செய்கிறவர்கள் மிக்சி, கிரைண்டர், ஃபேன், போன், துணிமணி எல்லாவற்றையும் சும்மாவோ, அடிமாட்டு விலைக்கோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒன்றரை வருடமாக அவற்றைக் கொண்டுவந்து, அண்ணன் ரிப்பேர் செய்து தர, வாட்ஸ்ஆப்பில் போட்டு விற்கிறேன். வீட்டுக்கும் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. கேன் தண்ணீரைக்கூட நிறுத்திவிட்டு, போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். ரேஷன் அரிசியை வாசலுக்கே வந்து கிலோ எட்டு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள ஆள் வருகிறார். கொடுக்கலாமா என்று யோசனை.

மாதம் 2,000 மிச்சம் பிடிக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கையில் பணம் நிற்கவில்லை. “வீட்டைக் காயலான் கடை ஆக்கிட்ட” என்கிறார் கணவர். ரேஷன், இலவச பஸ் என்று நான் அலைவதும் அவருக்குக் கௌரவக் குறைச்சல். மகள் பழைய துணி போட மாட்டேன் என்கிறாள். அடுத்தவர் உடுத்தியதை உடுத்தினால் அவர்கள் பீடை நம்மைப் பிடிக்கும் என்கிறார் மாமியார். இப்போது தங்கை வேலை பார்க்கும் வீட்டில் 2014 மாடல் ஸ்கூட்டர் ஒன்றை 28,000க்குத் தருகிறேன் என்கிறார்கள். அவர்கள் புனேவுக்குக் குடிபோகிறார்கள். தை மாதம் எனக்குச் சீட்டுப் பணம் 30,000 வரும். வாங்கலாமா? நான் செய்வது சிக்கனமா, பைத்தியக்காரத்தனமா? ஒரு மிக்சியின் கணக்கையும் இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீர் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். பல்லில் பழுப்புக் கறை விழுந்தவர்களையும், நாற்பது வயதுக்குள் முட்டி மடக்க முடியாமல் போனவர்களையும் உங்கள் பக்கத்திலேயே பார்த்திருப்பீர்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும், ஃப்ளோரைடு போகாது. கொதித்துத் தண்ணீர் சுண்டச் சுண்ட மீதித் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதுதான் நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. இந்தக் கொடுமைக்காகவே கொண்டுவரப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தெருக்குழாயில் அந்தத் தண்ணீர் வரும் நாளில் குடத்தை நிரப்பி மூடி வையுங்கள். குடிக்கவும் உலை வைக்கவும் அதுதான். வராத நாளில் கேன் வாங்குங்கள். குளிக்க, துவைக்க போர் தண்ணீர் போதும். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். வளர்கிற பிள்ளைகளின் பல்லும் எலும்பும் கேன் காசைவிடப் பெரியவை.

இனி உங்கள் கேள்வி. கடன் கேட்டு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து வரவு செலவு எழுதுவது என் தொழில். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது இது: நீங்கள் ஒரே சுருக்குப் பையில் இரண்டு வேலை பார்க்கிறீர்கள். வீட்டுக்குச் சிக்கனம் ஒன்று, பழைய சாமான் வியாபாரம் இன்னொன்று. இரண்டின் பணமும் கலந்துபோனதால் எது மிச்சம், எது லாபம், எது நஷ்டம் என்று உங்களுக்கே தெரியவில்லை. கணவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிவது கூடத்தில் கிடக்கும் சாமான் மட்டும்தான்.

நீங்கள் அனுப்பிய மிக்சிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 350க்கு வாங்கினீர்கள். கார்பன் பிரஷ், கப்ளர், ஜார் புஷ் என்று 180 செலவு. விற்றது 900. ‘லாபம் 370’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்திலேயே அந்தத் தடவை பெங்களூரு போய்வர பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து 390 ஆனது என்றும், மிக்சியோடு ஒரு ஃபேனும் ஒரு துணி மூட்டையும் வந்தது என்றும் இருக்கிறது. மூன்றாகப் பிரித்தால் மிக்சியின் பங்கு 130. ஆக, அந்த மிக்சிக்காக உங்கள் கையைவிட்டுப் போனது 660. வாங்கியவர் 600 கொடுத்துவிட்டு 300 பாக்கி வைத்திருக்கிறார். அப்படியானால் இன்றைய தேதிக்கு அதில் லாபமில்லை, 60 ரூபாய் உள்ளே போயிருக்கிறது. பாக்கி முழுதும் வந்தால் 240 நிற்கும். அண்ணனுக்கு நூறு ரூபாய் கூலி கொடுத்தால் 140. அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். கொடுங்கள். ஒன்றரை வருடமாக அவர் மாலை நேரத்தை வாங்கி அதை உங்கள் லாபமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கூலியையும் தாங்கி நிற்கிற வியாபாரம்தான் உண்மையான வியாபாரம்.

இதை உங்களைத் தளர்த்தச் சொல்லவில்லை. கூலியும் சேர்த்து 760 போட்டு 140 எடுப்பது கெட்ட வியாபாரம் அல்ல. நான்கு மாதம் அது கூடத்தில் கிடந்ததும், 300 வெளியே நிற்பதும்தான் கெடுதல். விற்காமல் இருக்கிற ஒவ்வொரு சாமானும் உங்கள் வீட்டு மளிகைப் பணம். கையில் காசு நிற்காததற்குக் காரணம் அதுதான்: காசு மூன்று மிக்சியாகவும் இரண்டு கிரைண்டராகவும் நின்றுகொண்டிருக்கிறது.

அதனால் வியாபாரத்துக்குத் தனியாக ஒரு டப்பா, தனியாக ஒரு நோட்டு. அந்த டப்பாவில் 3,000 ரூபாய் போடுங்கள். வாங்குவது, வண்டிச் செலவு, ஸ்பேர், கூலி எல்லாம் அதிலிருந்து மட்டும். விற்ற பணம் அதற்குள் மட்டும். டப்பா காலியாகிவிட்டால், தங்கை எவ்வளவு நல்ல சாமான் சொன்னாலும் வாங்கக் கூடாது, இருப்பதை விற்ற பிறகுதான். மாதக் கடைசியில் 3,000க்கு மேல் இருப்பது லாபம்; அதைக் கணவரும் பார்க்கும்படி எண்ணி எடுங்கள். ஆறு மாதம் இப்படி நடத்தியும் மேலே எதுவும் நிற்கவில்லை என்றால், மனம் வருந்தாமல் வியாபாரத்தை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவாருங்கள்.

கடன் வியாபாரத்தை இன்றோடு நிறுத்துங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று வாட்ஸ்ஆப்பில் விற்பதால்தான் பாக்கி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தையில் தார்ப்பாய் விரித்துப் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை கொஞ்சம் தூரம், ஆனால் கூட்டம் பெரிது. சந்தையில் சுங்கம் கொடுக்க வேண்டியிருக்கும், பேரம் அடிப்பார்கள். ஆனால் அடுத்த வாரம் தருகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. முன்பின் தெரியாதவருக்கு ஆன்லைனில் விற்கும்போது, பணம் அனுப்புகிறேன் என்று க்யூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு உங்கள் ரகசிய பின் நம்பரைப் போடவே வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

போக்குவரத்திலும் மிச்சம் பிடிக்க இடம் இருக்கிறது. ஒரு மிக்சிக்காக ஓடாதீர்கள். நாலைந்து சாமான் சேரும்வரை தங்கை வீட்டில் இருக்கட்டும். பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகத்தானே பெங்களூரு ரயில் பாதை போகிறது. இரண்டாம் வகுப்புப் பயணி 35 கிலோ வரை சுமை கொண்டுவரக் கட்டணம் கிடையாது. கர்நாடகாவில் பெண்களுக்கான இலவச பஸ் திட்டமான சக்தி கர்நாடக முகவரி உள்ளவர்களுக்குத்தான். உங்களுக்குச் செல்லாது, தங்கையின் ஆதார் அங்கே என்றால் அவருக்குச் செல்லும்.

கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாரத்தில் ஒரு ராத்திரி வீட்டுக்கு வருகிற மனிதர் கால் நீட்டிப் படுக்க இடமில்லை என்றால் கோபம் வரும். கூடத்தை இந்த வாரமே காலி செய்யுங்கள். அண்ணன் பட்டறையிலோ, வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலையிலோ வையுங்கள். அந்த இடம் நிறைந்தால் புதிது வரக் கூடாது. அவற்றில் பாதி ரிப்பேருக்கே தகுதியில்லாததாக இருக்கும். மிக்சியில் கருகிய வாடை அடித்தால் மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் போயிருக்கிறது. அதைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் செலவு தாங்காது. பிரஷ், கப்ளர், சுவிட்ச் போனதுதான் எடுக்க வேண்டிய மிக்சி. சில சமயம் ஒன்றுமே போயிருக்காது, அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பட்டனை அமுக்கினால் ஓடும். மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குப் பெரும்பாலும் கண்டன்சர்தான் கேடு. கிரைண்டருக்கு பெல்ட், கல் கொத்துதல். இவை நல்ல வேலைகள். ரிப்பேர் செலவு புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அதை இரும்புக் கடைக்கு எடை போட்டுவிடுங்கள், அதுவும் காசுதான். வயரை எரித்துச் செம்பு எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். விற்கும் முன் ஒவ்வொரு சாமானிலும் பாடியில் கரண்ட் இறங்குகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிரைண்டரை ஈரக் கையோடுதான் தொடுவார்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றி ஒருபோதும் விற்காதீர்கள்.

உங்கள் தங்கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அபார்ட்மென்டில் ஏதாவது ஒரு வீட்டில் பொருள் காணாமல் போனால், முதல் சந்தேகம் வேலைக்காரப் பெண் மேல்தான் விழும். இது அநியாயம், ஆனால் நடக்கிறது. மாதாமாதம் மூட்டையோடு கேட்டைத் தாண்டுகிறவள் என்ற பெயர் அவளுக்கு வேண்டாம். எதை வாங்கினாலும் வீட்டுக்காரரிடம், ‘இன்ன பொருளை இவருக்குக் கொடுத்தேன்’ என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தியோ, துண்டுச் சீட்டோ வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்டில் அதைக் காட்டிப் பதிவு செய்துவிட்டு வெளியே வரட்டும். அந்தச் செய்தியை அழிக்காமல் வையுங்கள். போன் என்றால் இன்னும் கவனம். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டால் அது தடை செய்யப்பட்டதா என்று தெரியும். பில் இல்லாத போனை வாங்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். அதேபோல் அரசு முத்திரை போட்ட விலையில்லா லேப்டாப், சைக்கிள் எதையும் தொட வேண்டாம். யாரோ ஒரு மாணவருக்குப் படிக்கக் கொடுத்தது அது.

ரேஷன் அரிசியை அந்த ஆளுக்குக் கொடுக்காதீர்கள். அது எல்லை தாண்டிப் போகும் அரிசி, விற்பது குற்றம். இட்லிக்கு, முறுக்குக்கு, வடகத்துக்கு அதுவே போதும். தர்மபுரி மாவட்டக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் ஏற்பாடு 2023இல் தொடங்கியது. கடையில் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை உள்ள மாமியாருக்கு அளவோடு களியோ, ரொட்டியோ செய்து கொடுக்க உதவும்.

இப்போது உங்கள் வீட்டின் பெரிய ஓட்டைக்கு வருகிறேன்.

மாமியாரின் மருத்துவத்துக்கு மாதம் 1,700. வருடத்துக்கு 20,400. நீங்கள் எத்தனை மிக்சி விற்றால் இது வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ள தொழிலாளி இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குள் வர வேண்டும். கான்ட்ராக்ட் வேலை என்றாலும் அப்படித்தான். சம்பளத்தில் 0.75 சதவீதம் அவரிடம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் முதலாளி கட்டுவார். 19,000க்கு அவரிடம் பிடிப்பது 142 ரூபாய் 50 காசு, முதலாளி கட்டுவது 617 ரூபாய் 50 காசு. ஆக மாதம் 760 ரூபாய் உங்கள் குடும்பத்தின் பெயரில் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாக அவருக்கும், உங்களுக்கும், பிள்ளைகளுக்கும், அவரை நம்பி இருக்கும் அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு, மாத்திரையும் அங்கேயே தருவார்கள். மாமியாருக்குத் தனி வருமானம் மாதம் 9,000க்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஓசூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. கணவருக்கு உடம்பு முடியாமல் வேலைக்குப் போக முடியவில்லை என்றால், விதிக்குட்பட்டு வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும்.

காசு கட்டிவிட்டுக் கார்டு எடுக்காமல் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. கணவரின் காப்பீட்டு எண் என்ன, இ.எஸ்.ஐ. குடும்ப அட்டையில் உங்கள் நால்வரின் பெயரும் ஏறியிருக்கிறதா என்று அவர் திங்கட்கிழமையே கான்ட்ராக்டரிடம் கேட்கட்டும். பிடித்த பணம் கட்டப்படவில்லை என்று தெரிந்தால் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பி.எஃப். கணக்கையும் அப்படியே பாருங்கள். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதுக் கணக்கு திறந்து, பழைய பணம் தூங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் பி.எஃப்.பின் நிரந்தர எண்ணான ஒரே யு.ஏ.என். எண்ணில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரைக்காக மாமியார் ஓசூர் வரை அலைய வேண்டாம் என்றால் இன்னொரு வழி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துவிடுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். டாக்டர் சொல்லாமல் எதையும் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருட வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், உங்களுடையது 2,28,000 வருகிறது. அதற்கு அலைய வேண்டாம்.

இலவச பஸ் கௌரவக் குறைச்சல் என்கிறாரே, அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: அவர் சோப்பு வாங்கும்போதும், பெட்ரோல் போடும்போதும் வரி கட்டுகிறார். அந்தப் பணம்தான் பஸ்ஸாகவும் ரேஷன் பருப்பாகவும் திரும்பி வருகிறது. ஸ்பேர் வாங்க நீங்கள் தர்மபுரிக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் போவதில் தலை குனிய எதுவும் இல்லை. கம்பெனி வேன் ஏறிப் போகும்போது அவர் வெட்கப்படுகிறாரா?

உங்கள் வயதுக்கும் ஆர்வத்துக்கும் இதைவிடப் பெரிய சலுகை ஒன்று இருக்கிறது. மாவட்டந்தோறும் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் உண்டு. உங்கள் வயதில் இருக்கும் கிராமத்தவர்களுக்குப் பயிற்சியும் சாப்பாடும் அங்கே இலவசம். மோட்டார் ரீவைண்டிங், தையல் போன்றவை எப்போது தொடங்குகின்றன என்று கேட்டு வையுங்கள். ரிப்பேர் உங்கள் கைக்கே வந்துவிட்டால் அண்ணனுக்குக் காத்திருக்க வேண்டாம். மகள் விஷயத்தில் ஒன்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பெண்ணுக்கு மேற்படிப்பில் மாதம் 1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளி என்று யாராவது பேச்செடுத்தால் இதை நினைவில் வையுங்கள். பதினொன்றாவதில் சைக்கிளும் பள்ளியிலேயே தருவார்கள், இப்போது பழைய சைக்கிள் வாங்க வேண்டாம்.

துணிக்கு வருகிறேன். பதினான்கு வயதுப் பெண் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். சிக்கனம் பெரியவர்களாகிய நாம் எடுத்த முடிவு, அதை அவள் உடம்பில் போட்டு நிரூபிக்கக் கூடாது. பள்ளியில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், திட்டாமல். வருடத்துக்கு இரண்டு நல்ல புதுச் சுடிதார் அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஒருநாள் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போய் மூட்டையை அவள் முன்னால் பிரியுங்கள். அவளாக ஒன்றை எடுத்தால் சரி, எடுக்காவிட்டாலும் சரி. மாமியாரிடம் வாதாடி ஜெயிக்கவும் வேண்டாம். அவருக்கு எப்போதும் புதுசுதான் என்று சொல்லிவிடுங்கள். பழைய காட்டன் சேலைகளை நன்றாகக் கொதிநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மெத்தை உறையாகவும் பையாகவும் தைத்தால் அவரே உட்கார்ந்து ஊசி பிடிப்பார். சந்தையிலும் சேலையாக விற்பதைவிடப் பையாக வேகமாகப் போகும்.

பழசு வாங்கவே கூடாதவை: ஹெல்மெட், கேஸ் டியூப், ரெகுலேட்டர், குக்கர் சேஃப்டி வால்வு, செருப்பு, உள்ளாடை. பழைய ஃப்ரிட்ஜும் வேண்டாம். சும்மா கொடுத்தாலும் வருடக்கணக்கில் கரண்ட் பில்லாக விலை கேட்கும்.

கடைசியாக ஸ்கூட்டர். எலக்ட்ரானிக் சிட்டி என்றால் கே.ஏ. 51 வண்டியாக இருக்கும். அதை அப்படியே கொண்டுவந்து பாலக்கோட்டில் ஓட்ட முடியாது. பெங்களூரு ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, தர்மபுரியில் தமிழ்நாட்டு வரி கட்டி, டி.என். 29 எண்ணுக்கு மாற்ற வேண்டும். லோன் இருந்திருந்தால் வங்கியின் சான்றும் படிவம் 35உம் வேண்டும். பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்துப் போட வேண்டும். பெங்களூருவில் கேமரா அபராதம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 2014 மாடலுக்கு 2029இல் 15 வருடம் முடிகிறது. அதற்கப்புறம் தகுதிச் சோதனை, மறுபதிவு. 28,000 என்பது இத்தனையும் கழித்த விலை அல்ல, இத்தனையும் இனிமேல் கூடப்போகும் விலை. பெயர் மாற்றாமல் ஓட்டி ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் பெரிய சிக்கலாகும், விற்றவரோ புனேவில் இருப்பார். வேண்டாம்.

அந்த 30,000க்கு என்னிடம் வேறு யோசனை இருக்கிறது. அடகுக் கடைக்கு இப்போது மாதம் 1,200 வட்டி போகிறது, வருடத்துக்கு 14,400. இரண்டு ரசீதும் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்கிறேன். தையில் சீட்டுப் பணம் வந்ததும், அதில் ஒன்றை, அதுவரையான வட்டியோடு கட்டி நகையை மீட்டுங்கள். அந்த நகையைப் பக்கத்து வங்கியிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக் கடனாக வைத்து, வரும் பணத்தில் இரண்டாவது ரசீதையும் மீட்டுவிடுங்கள். மீதம் நிற்பது 30,000 கடன் மட்டும். வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 300 வட்டி. வியாபார டப்பாவில் 3,000க்கு மேல் நிற்பதை மாதாமாதம் அதில் கட்டுங்கள். ரசீதுகளையும் சீட்டுப் புத்தகத்தையும் இப்போதே ஒரு கவரில் போட்டு வைத்து, சனிக்கிழமை கணவர் வந்ததும் இந்தக் கணக்கை அவரோடு சேர்ந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.